சிலந்திக்கு வளர்த்த தீன்

சிலந்தி வளர்ப்பவனுக்குச் சிலந்தியால் பெரிய வேலை இல்லை. வாரத்துக்கு ஒருதரம் தின்னும், மற்ற நேரமெல்லாம் கல்லுப் போலக் கிடக்கும். வேலை முழுவதும் அதற்குத் தீன் வளர்ப்பதில்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தர்மிகன், அன்புவழிபுரத்து வாடகை அறையில் உள்ளங்கை அகல டரன்டுலாச் சிலந்தி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தான். கட்டிலுக்குக் கீழே, அதற்குத் தீனாக ஒரு தொட்டி நிறையக் கரப்பான். சாம்பல் நிறத்து வெளிநாட்டுச் சாதி, கழுத்தில் முகம் வரைந்தது போலக் கோலம். ஊர்க் கரப்பான் என்று யாரும் ஏமாற முடியாது.

அவை ஏறி வராமலிருக்கத் தொட்டி விளிம்பின் உட்பக்கம் வஸலின் பூச வேண்டும். அவன் பூசியும் இருந்தான். ஆனால் அது குளிர்நாட்டான் ஒருவனின் வீடியோ பார்த்துப் படித்த பாடம். திருகோணமலைச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, வஸலின் உருகி எண்ணெயாய் வழிந்தது. கரப்பான்களுக்கு வேறென்ன வேண்டும்? சுவர் வெடிப்பால் பக்கத்து வீட்டுக் குசினிக்குக் குடிபோய்விட்டன.

அது இரத்தினேஸ்வரி அக்காவின் குசினி. துறைமுக வீதியில் இருக்கும் ஹஸன் நானாவின் சாப்பாட்டுக் கடைக்குக் காலை இடியப்பம் அக்கா அவித்துக் கொடுப்பதுதான். அடுப்படியில் ஒரு துரும்பு கிடக்க விடமாட்டார். அப்படிப்பட்டவரின் இடியப்பத்துக்குள் கரப்பான் ஒன்று கிடந்தது. கடையே கூடி அக்காவின் மேல் கத்தியது. அன்றோடு இடியப்பம் வேண்டாம் என்று ஹஸன் நானா சொல்லிவிட்டார்.

அக்கா அதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து காட்டினார்.

"இதென்ன சாதியோ தெரியேல்ல தம்பி."

கழுத்துக் கோலத்தைக் கண்டதும் அது தன் தொட்டிக் கரப்பான் என்று தர்மிகனுக்கு விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் வீட்டுக்காரர் அவனையும் சிலந்தியையும் தெருவில் விடுவார். வேலைத்தலத்தில் வாழ்நாள் முழுக்கப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தப் பயத்தில் வாய் கூசாமல் சொன்னான்:

"வாய்க்கால் பக்கத்தால வந்திருக்கும் அக்கா. குசினியை வடிவாய்க் கழுவிப் பாருங்கோ."

அக்கா கழுவினார். தர்மிகன் வேலை முடிந்து வரும்போதெல்லாம் தேய்க்கிற சத்தம் சுவருக்கு அப்பால் கேட்டது. அவன் தொட்டிக்கு இறுக்கமான மூடி போட்டு, வெடிப்பையும் அடைத்துவிட்டான். அதனால் யாருக்கு என்ன லாபம்? சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தானே தவிர, வாயில் வைக்க மனம் வரவில்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று அக்கா பூச்சிமருந்தடிக்கும் தகரக் கானோடு அவன் வாசலில் வந்து நின்றார். கை விரல்கள் புளீச்சிங் பவுடர் பட்டு வெடித்திருந்தன.

"எங்கட குசினியால உங்களுக்கும் கரைச்சல், தம்பி. குறை நினைக்காதேங்கோ. உங்கட அறைக்கும் அடிச்சு விடுறன்."

மருந்து பட்டால் சிலந்தி செத்துப்போகும். அந்த நேரத்திலும் அவனுக்கு முதலில் வந்த யோசனை அதுதான். தன்னிடமே மன்னிப்புக் கேட்டு நிற்கும் மனுசிக்கு முன்னால் தான் எதை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பது உறைத்தபோது, வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. கட்டிலுக்குக் கீழிருந்து தொட்டியை இழுத்து, சிலந்திப் பெட்டியையும் எடுத்து முன்னால் வைத்தான்.

"அக்கா, எல்லாம் என்ர. இந்தச் சிலந்திக்கெண்டு நான்தான் வளர்த்தனான்."

அக்கா தொட்டியைப் பார்த்தார். சிலந்தியைப் பார்த்தார். கானைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் இருந்துவிட்டார்.

"அப்ப என்ர குசினி சுத்தமாய்த்தான் இருந்ததோ?"

"ஓம் அக்கா."

"தெரிஞ்சுகொண்டோ என்னைக் கழுவச் சொன்னனீங்கள்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"வெளிக்கிடுங்கோ. ஹஸன் நானாட்டப் போவம். இதை அங்க வந்து சொல்லுங்கோ."

"ஆக்கள் குறைஞ்சாப் பிறகு போவமோ அக்கா?"

"எனக்குக் கத்தேக்கையும் கடை நிறைய ஆக்கள்தான்."

கடை நிறைய ஆட்கள், உட்கார ஒரு கதிரைகூடக் காலியில்லை. முன்மேசையில் அவனோடு வேலை செய்யும் பெடியள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். தர்மிகன் காசு மேசைக்கு அருகே போய்க் குனிந்தபடி சொன்னான்:

"நானா, இடியப்பத்துக்க கிடந்தது அக்காட குசினிக் கரப்பான் இல்ல. நான் வளர்த்தது."

"கேக்கல்ல தம்பி, சத்தமாச் சொல்லுங்க," என்றார் ஹஸன் நானா.

தர்மிகன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். போதும் என்று அவர் சொல்லவில்லை. அவன் கடையைப் பார்த்துத் திரும்பி நின்று, சத்தமாகச் சொன்னான்.