ஓய்வெடுத்த கால்கள்

வேணுகோபாலின் வலது கால் மிதிகட்டையை அழுத்த மறுத்தது. தறிக்குழிக்குள் கையை விட்டு முழங்காலைத் தள்ளிப் பார்த்தான். கால் நடுங்கியதே தவிர இறங்கவில்லை. அதற்குள் கை பழக்கத்தில் குறுக்கு நூல் கோத்த நாடாவை வீசிவிட, பாவில் இரண்டு இழை அறுந்தது.

"எழுந்திருய்யா, நான் குந்திக்கிறேன்" என்றாள் அவன் மனைவி சம்பூர்ணம்.

வாலாஜாபாத் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்று பொங்கலுக்குப் போட்டி வைத்திருந்தது. தென்னேரி ஏரியை நீந்திக் கடந்து, காஞ்சிபுரம் வரை சைக்கிள் மிதித்து, அங்கிருந்து ஓரிக்கைக்கு ஓடவேண்டும். முதலில் வருகிறவர்களுக்கு நிரந்தர வேலை. வேணுகோபால் அதுவரை ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். அவன் பெயர் கொடுத்தபோது, ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று தெருவே சிரித்தது. சம்பூர்ணம் சிரிக்கவில்லை. முதலாளி நெய்யப் பட்டு நூல் கொடுக்காத மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

போட்டியில் இருந்த மூன்றையும் அவன் தினமும் முழு மூச்சில் செய்தான். விடியலில் ஏரி, திரும்பும்போது சைக்கிள், பொழுது சாய்ந்தால் ஓட்டம். நடுவில் தறி.

தறியில் கால் மறுத்த அன்று மாலை, சைக்கிள் கடை வைத்திருந்த கூட்டாளி தாவீது அவன் தொடையை அழுத்திப் பார்த்துத் திட்டினான். தாவீது ஒரு காலத்தில் சைக்கிள் பந்தயங்களுக்குப் போனவன்.

"சொவரு இருந்தாதாம்பா சித்திரம். ஒரு நாளு வேகமா ஓடு, மறுநாளு மெதுவா. அதுக்கடுத்த நாளு சும்மா கிட."

"சும்மா கிடந்தா தறிய யாரு மிதிக்கிறது?"

"நாளெல்லாம் மிதிச்சிக்கினு இருந்தா காலு எப்பிடிபா ஆறும்?"

வீட்டில் சொன்னபோது சம்பூர்ணம் யோசிக்கவே இல்லை. தறியில் ஏறியிருந்தது சாதாரணக் கரைச் சேலை, ஒருவரே நெய்துவிடலாம். மறுநாள் முதல் சமையலையும் தண்ணீர் எடுப்பதையும் முடித்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள்.

தாவீது சொன்னது பலித்தது. வேணுகோபாலின் கால் இலகுவானது. ஏரியைக் கடந்த பிறகும் மூச்சு மிச்சம் இருந்தது. வீட்டில் முட்டை அவனுக்கு மட்டும் வெந்தது. ஓய்வு நாட்களில் பாயில் படுத்துக்கொண்டு மிதிகட்டை ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். வெட்கமாக இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே தூங்கியும் போவான்.

போட்டிக்கு முந்தின நாள் பாயைவிட்டே எழக்கூடாது என்று தாவீது சொல்லியிருந்தான். மாலையில் தறிச் சத்தம் நின்றது. சம்பூர்ணம் கையூன்றி எழப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். வேணுகோபால் ஓடிப்போய் அவளைத் தூக்கி வெளியே உட்காரவைத்தான். பாதம் உப்பி, மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. கணுக்கால் எலும்பே தெரியவில்லை.

"எத்தினி நாளா இப்பிடி இருக்குது?"

"சாயந்திரமானா வரும். காலையில வடிஞ்சிடும்."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ சும்மா கிடப்பியா?"

தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. அவன் காலுக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, அவள் பாதத்தில் தேய்க்க ஆரம்பித்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"வீணாக்காதய்யா. நாளைக்கு வேணும்."

தன் பாதத்தில் இருந்த எண்ணெயை இரண்டு கையாலும் வழித்தெடுத்து அவன் கெண்டைக்காலில் தேய்த்துவிட்டாள். பிறகு தறி மரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகக் குழிக்குள் இறக்கினாள்.