நூற்று முப்பது நாள்

ஷார்ஜா ரோலாவில் பயணப்பெட்டிக் கடை வைத்திருந்த சாதிக் பாட்ஷா ஒரு சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு தரையைவிட்டு நான்கு விரற்கடை உயர்ந்து நின்றார். லீவில் ஊருக்குப் போகப் பெட்டி நிறுக்க வந்த சோலையப்பன்தான் முதலில் பார்த்தார். "பாய், உங்க காலுக்குக் கீழ காத்து போவுது" என்றார். சாதிக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு, முப்பது கிலோவுக்கு மேல் இரண்டு கிலோ இருப்பதால் பால்பவுடர் டப்பாவை எடுத்துவிடச் சொன்னார். சோலையப்பன் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். சாதிக் தானே எடைமேடைக்குப் போனார். அது பூஜ்யம் காட்டியது.

காரணம் முந்தின நாள் நடந்த ஒரு தலையசைப்பு. சாதிக்கின் மனைவி இஃப்பத் பொறியாளர். விண்வெளி நிலையத்துக்குப் போகிறவர்களின் பட்டியலில் இருப்பவர். ஈயக்கட்டைகள் கோத்த உடுப்போடு பெரிய தொட்டிக்குள் மூழ்கவும் மிதக்கவும் விடாமல் ஆறு மணி நேரம் வேலை செய்யவைத்தார்கள். ராட்டினம் போன்ற எந்திரத்தில் சுழற்றினார்கள். கடைசியாக, துபாயில் நிலையத்தைப் போலவே கட்டிய கூடத்துக்குள் நூற்று முப்பது நாள் பூட்டினார்கள். அளந்த தண்ணீர், தினம் இரண்டு மணி நேர ஓட்டம், வாரம் ஒரு கடிதம். ஒருவருக்காகக் கதவு திறந்தாலும் அவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். உள்ளே அவரோடு நான்கு ஆண்கள் இருந்தார்கள்.

குடும்பத்துக்குப் பெரியவரான கௌஸ் முகைதீன், சாதிக்கின் பெரியவாப்பா, இந்தக் கடைசிச் செய்தியை வெளியே சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஐம்பது வருடத்தில் அவர் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றதில்லை. எங்கள் குடும்பத்துக்குக் கீழக்கரையில் இருக்கும் பெயர் சும்மா வந்ததல்ல என்பார். வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் நடந்த ஒரு நிக்காஹ் விருந்தில், உறவுக்காரியான அஸ்மத் பீவி மருமகள் எங்கே என்று கேட்டபோது, நூற்று முப்பது நாள் அறைக்குள் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். அஸ்மத் பீவி விரல்விட்டு எண்ணினார். "நாலு மாசம் பத்து நாள். இத்தாவா இருக்கா?" கௌஸ் முகைதீன் தலையாட்டிவிட்டார். இத்தா என்பது புருஷன் இறந்த பெண் தனித்திருக்கும் காலம் என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவருக்கு உறைத்தது.

செய்தி ஊருக்கு எட்டி, அடுத்த வாரமே கீழக்கரையில் சாதிக் இறந்துவிட்டதாக எண்ணி அவருக்காக யாசீன் ஓதினார்கள். ஒவ்வொரு ஓதலுக்கும் அவர் ஒரு சாண் உயர்ந்தார். தம்மாமிலிருந்தும் ஃபர்வானியாவிலிருந்தும் இரங்கல் சொல்ல அழைத்தவர்கள், எடுத்துப் பேசியது சாதிக்கே என்றதும் போனை வைத்துவிட்டார்கள். இஃப்பத் உள்ளே போன நூறாவது நாள் அவருடைய முதுகு ஃபிளாட்டின் கூரையைத் தொட்டது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவர் காலில் கட்டிய கயிற்றைக் கட்டில் காலோடு முடிந்தார்கள். கௌஸ் முகைதீன் கீழே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மருமகளை வெளியே கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

"கதவத் தொறக்கச் சொன்னீங்கன்னா, நான் இந்தக் கயித்த அவுத்துருவேன், பெரியவாப்பா."

ஜன்னல் திறந்திருந்தது. பெரியவர் எழுந்து அதைச் சாத்தினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், ஊர்க்காரர்கள் கூடும் பள்ளிவாசல் வாசலில் அவர் எழுந்து நின்றார். மருமகள் நான்கு ஆண்களோடு பூட்டிய அறையில் வேலை பார்க்கிறாள், அது அவளுடைய டியூட்டி, தான் ஆட்டிய தலை பொய் என்றார். ஒருவரும் செருப்பை மாட்டவில்லை. அந்நேரம் ஃபிளாட்டில் சாதிக் இறங்கத் தொடங்கினார். முழுதாக இறங்கவில்லை. ஆட்டிய தலையை முழுதாகத் திரும்பப் பெற முடியாததால் இரண்டு விரற்கடை மிச்சம் நின்றது.

நூற்று முப்பத்தோராவது நாள் வீட்டுக்கு வந்த இஃப்பத் மட்டும் அதிரவில்லை. மண்டியிட்டு, அவர் பாதத்துக்குக் கீழே உள்ளங்கையைச் செலுத்திப் பார்த்தார்.

"வயித்தக் குமட்டுச்சா மச்சான்?"

"மூணு நாள்."

"மூணு நாள்னுதான் எங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க." தரையில் எந்தப் பயிற்சியும் தராத ஒன்று தன் வீட்டுக்கே வந்திருக்கிறது என்று அவர் அதிகாலை வரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் சுவர்களில், விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்கள் பிடித்துக்கொள்வதைப் போன்ற நீலக் கைப்பிடிகள் பொருத்தினார்.

ஜும்ஆவில் இப்போது பெரியவாப்பாவும் தம்பி மகனும் அருகருகே நிற்கிறார்கள். குதிகாலைப் பார்த்துத்தான் தொழுகை வரிசையை நேராக்குவார்கள்; ஆனால் பக்கத்தில் இருப்பவர் சாதிக்கின் குதிகாலைப் பார்ப்பதில்லை, தோளை வைத்துச் சரிசெய்துகொள்கிறார்.