வாசமில்லாத எண்ணெய்

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், பெருநகருக்குப் பக்கத்தில் செய்யாற்று மணலில் பாதி புதைந்து கிடந்த இரும்புப் பீப்பாய் ஒன்றை ஐசக்கும் இருசப்பனும் கண்டார்கள். இருவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஒரே பண்ணையில் கூலி வேலை. பீப்பாயின் மேல் எழுத்தோ முத்திரையோ எதுவும் இல்லை. மூடியைத் தட்டித் திறந்து பார்த்தால் விளிம்பு வரை எண்ணெய். குனிந்தவர்கள் முகம் தெரிகிற தெளிவு.

"தீவாளிக்கு சாமியே அனுப்பிக்கிறார்டா," என்றான் இருசப்பன்.

தெருவுக்கு உருட்டிக்கொண்டு வந்ததும் ஐசக்கின் மனைவி பாக்கியமேரியைக் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பல வருஷம் செக்கடியில் வேலை செய்தவள் அவள். யார் வீட்டில் எண்ணெய் நாள்பட்டுப்போனாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து முகர்வாள். சிக்கு வாடை அடித்தால் விளக்குக்கு. நாக்கில் வைத்துத் தொண்டை காறினால் குப்பைக்கு. அவள் சொல் தவறியதில்லை.

இந்த எண்ணெயையும் தேய்த்து முகர்ந்தாள். திரும்ப முகர்ந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து மூன்றாம் முறையும் முகர்ந்தாள்.

"இன்னா யக்கா, கெட்டுப்பூட்சா?" என்று இருசப்பனின் மனைவி அம்முலு கேட்டாள்.

"கெட்ட வாடை இல்ல. நல்ல வாடையும் இல்ல. ஒண்ணுமே இல்லடி."

"அப்ப நல்ல எண்ணெதான்."

"வேர்க்கடல எண்ணெக்குக் கடல வாசம் வரும், நல்லெண்ணெக்கு எள்ளு வாசம் வரும். பழசானா அதுக்கும் ஒரு வாடை கீது. இது இன்னாத்துல ஆட்டுனதுன்னே தெரியலியே."

கொஞ்சம் வாங்கி வந்து இரும்புக் கரண்டியில் காய்ச்சிப் பார்த்தாள். நுரை கட்டவில்லை, வாசனையும் எழவில்லை. ஆறிய எண்ணெயை ஓட்டில் ஊற்றிச் சுவரோரம், எறும்புகள் வரிசையாகப் போகும் வழியில் வைத்தாள். எறும்புகள் ஓடு வரை வந்தன. நின்றன. பிறகு ஒரு முழம் விலகி, அரைவட்டமாகச் சுற்றிப் போயின. சாயங்காலம் வரைக்கும் அந்த அரைவட்டம் மாறவில்லை.

அதற்குள் தெருவே எண்ணெயைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. அதைத் தொடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். வெள்ளத்தில் இருபது நாளாக வேலையில்லை. தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. எறும்பு பேச்சைக் கேட்டுப் பலகாரம் சுடாமல் இருப்பதா என்று சிரித்தார்கள். தெருவெங்கும் அடுப்பு எரிந்தது. முறுக்கும் வடையும் வெந்தன. வழக்கமாகத் தெருமுனைக்கே வந்துவிடும் எண்ணெய்ச் சட்டியின் வாசனை மட்டும் அந்த வருஷம் வரவில்லை.

இரண்டு மூன்று பேருக்கு வயிறு கலங்கியது, அவ்வளவுதான். ஒரு வாரம் போனது. "இன்னா யக்கா, நாங்க உசுரோட கீறோமே?" என்று அம்முலு கேலி செய்தாள். பத்தாம் நாள் பாக்கியமேரிக்கே தன் மூக்கின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் நல்ல எண்ணெய் தீர்ந்திருந்தது. ஐசக் தன் பங்காகக் கொண்டுவந்த பீப்பாய் எண்ணெய் ஒரு செம்பில் மூலையில் இருந்தது. சாயங்காலம் அதிலேயே தாளிக்கலாம் என்று முடிவு செய்துகொண்டு, மத்தியானம் கூழ் எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனாள்.

ஐசக் வரப்பு கட்டிக்கொண்டிருந்தான். கரையேறி உட்கார்ந்தவனின் காலைப் பார்த்தாள். கணுக்காலில் மூன்று அட்டைகள், ரத்தம் குடித்துக் கட்டைவிரல் பருமன் ஊதித் தொங்கின.

"யோவ், அட்டை கட்சிக்கினு கீது, தெரியல?"

அவன் குனிந்து பார்த்தான். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தான். அவள் அட்டையைப் பிய்த்தாள், அவனுக்கு உறைக்கவில்லை. மூங்கில் சிம்பை எடுத்து உள்ளங்காலில் குத்தினாள். அவன் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாளா கெண்டக்கால் வலி. காலைல இருந்து காலு எங்க கீதுன்னே தெரியல, மேரி."

"நீ அத்த துன்னியா?"

"தீவாளி அன்னிக்கு இருசப்பன் வூட்ல. நீ திட்டுவன்னு சொல்லல."

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. தப், தப் என்று ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல். நிமிர்ந்தாள். அடுத்த கழனியில் வேலை முடிந்து, இருசப்பனோடு ஏழெட்டுப் பேர் வரப்பில் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். முழங்காலை உயரத் தூக்கினார்கள். பாதம் செத்த மீன்போலத் தொங்கியது. கீழே வைக்கும்போது தப்பென்று விழுந்தது. நட்ட நடு வெயிலில், கொக்கு வரிசைபோல அவர்கள் வந்தார்கள். அடுத்தவர் நடப்பதை அவரவர் பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்கு கட்டை வண்டிகளில் முப்பத்தொரு பேரைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் எல்லாருடைய முழங்காலையும் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன எண்ணெய் சாப்பிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். பாக்கியமேரி மூலையிலிருந்த செம்பைக் கையோடு கொண்டுபோயிருந்தாள்.

"இது இயந்திரத்துக்குப் போடுற எண்ணெயம்மா. நரம்பைக் கொல்லுற மருந்து கலந்திருக்கு. இதை மூக்கும் நாக்கும் கண்டுபிடிக்காது," என்றார் அவர். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரிலிங்க. பயமா இருந்துச்சு."

மீதமிருந்த எண்ணெயை அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். அந்தப் பீப்பாய் யாருடையது, எங்கிருந்து மிதந்து வந்தது என்பது கடைசி வரை தெரியவில்லை. தேடிக்கொண்டும் யாரும் வரவில்லை.

ஒருவரும் சாகவில்லை. ஐசக் ஒரு வருஷத்தில் இரண்டு கோல் ஊன்றி நடந்தான். பரணில் உட்கார்ந்து கதிருக்குக் காவல் இருக்கிற வேலையைப் பண்ணைக்காரர் கொடுத்தார். இருசப்பன் எழுந்திருக்கவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் பலகாரம் சுட்டுக் கொடுத்த அம்முலுவுக்குக் கைவிரல்களும் மடங்கிப்போயின. தினமும் காலையில் பாக்கியமேரி போய் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, அதன் பிறகுதான் வேலைக்குப் போவாள்.

ஒருநாள் பின்னிக்கொண்டிருக்கும்போது அம்முலு திரும்பாமலே கேட்டாள்.

"நீ அன்னிக்கு சட்டியத் தூக்கி ஒடச்சிருக்கலாம் இல்ல யக்கா?"

பாக்கியமேரி சீப்பை நிறுத்தினாள். அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே எத்தனையோ முறை கேட்டிருந்தாள்.

"ஒடச்சிருக்கணும்டி," என்றாள்.

அம்முலு மடங்கிய விரல்களால் ரிப்பனை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.