வெயில் விழும் கரை

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது என் சொந்தக் கற்பனை இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், மெல்போர்ன் புறநகர் கிரெய்கிபர்னில் என் வீட்டு வாசலுக்கே வந்து ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போன கதை. பெயர் சிவனேஸ்வரி. (மாற்றிய பெயர். மாற்றச் சொன்னதும் அவள்தான்.) இங்குள்ள தமிழ் மாத இதழில் இருபது வருடமாக நான் எழுதிவரும் மர்மத் தொடர்களை, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து விடாமல் படிப்பவள்.

"அங்கிள், ஒரு கதை இருக்கு. முடிவு மட்டும் இல்லை. திங்கள் காலமை ஏழு மணிக்குள்ள முடிவு வேணும்."

"யாரு செத்தது?"

"உங்களுக்கு எப்பவும் ஆராவது சாகோணும்! ஒருத்தரும் சாகேல்லை. மரம்தான். நாற்பது மரம்."

இப்போது ஞாயிறு மதியம் மூன்று மணி. ஏப்ரல் 2007. எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. எழுந்து நடக்கவும் பிடிக்கவில்லை.

2.

தொடக்கம், முதல் முயற்சி: 'பனிக்குள்ளிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மோதிர விரலில் —'

அடித்துவிட்டேன். கை கிடையாது.

இரண்டாம் முயற்சி: 'விக்டோரியா மலைக்காட்டில், ஓடு கழன்ற கூரை மாதிரி, மரங்களுக்கு நடுவே ஒரு திறப்பு.'

இது இருக்கட்டும். விஷயமே அந்தத் திறப்புதான். அடர்ந்த காட்டில் வெண்பனி பெய்தால் ஒரு பங்கு கிளைகளிலேயே தங்கி, தரைக்கு வராமலே காற்றோடு போய்விடும். திறப்பில் முழுசாக விழும். ஆனால் திறப்பு அகலமானால் வெயில் உள்ளே இறங்கி உருக்கிவிடும். போதாததற்கு, வெயிலில் நிற்கும் மரத்தண்டுகள் சூடேறி அந்தச் சூட்டைப் பனிமேல் வீசும். ஆகவே திறப்பை அகலப்படுத்துபவர் நிழல் தரும் கரையை, அதாவது அந்த ஓரத்து மரங்களை, தொடக்கூடாது. எதிர்க்கரையில்தான் வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் பனி சில வாரம் கூடுதலாக நிற்கும், ஆற்றுக்கு மெதுவாகத் தண்ணீர் தரும். மாற்றி வெட்டினால் உள்ளதும் போச்சு.

(குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து ரோஜாவுக்கு ஊற்றும் இந்த வறட்சி வருடத்தில் இதற்கெல்லாம் அடிக்குறிப்பு தேவையில்லை. ஆனாலும் இதழ் ஆசிரியர் கேட்பார்: "வாசுதேவன் சார், ரத்தம் எங்கே?")

3.

கதாநாயகி மேல் எனக்கு ஒரு சந்தேகம்.

சிவனேஸ்வரி நோர்வேயில் வளர்ந்தவள். பனி பற்றிப் படித்தவள். கல்யாணமாகி மெல்போர்ன் வந்து, ஒரு நீர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. இரண்டு குளிர்காலம் அந்தத் திறப்பில் கம்பு நட்டுப் பனியின் ஆழம் அளந்தாள். கூட வேலை செய்பவர்கள் எட்டிப் பார்ப்பது பிடிக்காமல், குறிப்பேட்டைத் தமிழில் வைத்திருந்தாள்: 'வெயில் கரை', 'நிழல் கரை'. எல்லா அளவும் சரி.

திறப்பை அகலப்படுத்த எந்தக் கரையை வெட்டலாம் என்ற அறிக்கையை ஆபீசில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் தட்டும்போது வெயில் கரையை வடக்கு என்றும் நிழல் கரையைத் தெற்கு என்றும் போட்டாள். நோர்வேயில் அது சரி. அங்கே சூரியன் தெற்கே நிற்கும், வெயில் வடக்குக் கரையில் விழும். ஆஸ்திரேலியாவில் சூரியன் வடக்கே. எல்லாம் தலைகீழ். பனிக்கு நிழல் தரும் வடக்குக் கரை மரங்கள் நாற்பதிலும் இப்போது, வெட்டச் சொல்லி, மஞ்சள் பெயின்ட் குறி.

இதை எந்த வாசகர் நம்புவார்? நானே நம்பவில்லை.

"ஏம்மா, வந்து நாலு வருஷம் ஆச்சு. சூரியன் எந்தப் பக்கம்னு தெரியாதா?"

"தலைக்குத் தெரியும் அங்கிள். கைக்குத் தெரியேல்லை."

"சரி, யாரும் செக் பண்ணலையா?"

"செக் பண்ணினவர் கனடாக்காரர். அவருக்கும் சரியாத்தான் பட்டது."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

4.

தப்பு தெரிந்த இடம் காடு அல்ல, நாலு தெரு தள்ளி ஒரு காலிமனை. என்னிடம் வந்த வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமை அவளும் கணவன் சிறிதரனும் காணி பார்க்கப் போயிருக்கிறார்கள். ஏஜென்ட் பெருமையாகச் சொன்னானாம்: பின்பக்கம் வடக்குப் பார்த்தது, குளிர்காலம் முழுக்க நல்ல வெயில்.

இவள் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னப்பா, காணி பிடிக்கேல்லையோ?"

"வடக்கால வெயில்..."

"ஓம். அதுக்குத்தானே இந்த விலை சொல்லுறான்!"

அறிக்கை தப்பு என்று சொன்னால் ஜூனில் முடியும் ஒப்பந்தம் நீளாது. இங்கே நிரந்தரமாகத் தங்கும் விசாவுக்கு விண்ணப்பித்திருப்பதே அந்த நிறுவனத்தின் பெயரில்தான். காணியை எடுப்பதா விடுவதா என்று ஏஜென்டுக்கு இன்று ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். திங்கள் காலை ரம்பம் ஓடும்.

"மரம் திரும்ப முளைக்கும். விசா முளைக்குமோ?" என்று கேட்டானாம் சிறிதரன். கெட்டவன் இல்லை. இந்தக் கதையில் கெட்டவனே இல்லை என்பதுதான் என் தலைவலி.

5.

முடிவு அ: அவள் மேலதிகாரிக்குப் போன் செய்கிறாள். அவர் அவள் நேர்மையைப் பாராட்டி வேலையையும் நீட்டித்து — சீ. எந்த ஊரில் நடக்கும் இது?

முடிவு ஆ: வாய் திறக்கவில்லை. மரங்கள் விழுகின்றன. ஆகஸ்டில், எங்கும் பனி நிற்க, அந்தத் திறப்பில் மட்டும் ஈர மண். நடுவே அவள், கையில் அளவுகோல், அளக்க ஒன்றுமில்லை. (பிரமாதமாக வந்துவிட்டது. அதுதான் உதைக்கிறது.)

முடிவு இ: இன்றே மலையேறி, குறிகளை அழித்து, தெற்குக் கரையில் அவளே மஞ்சள் பெயின்ட் அடிக்கிறாள்! எனக்கு இதுதான் இஷ்டம். சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"மூணு மணிநேரம் கார் ஓட்டிப்போய் நாற்பது மரத்துக்குப் பெயின்ட் அடிச்சு மாட்டிக்கிட்டா, உங்க ஆசிரியரா வந்து ஜாமீன் எடுப்பார்?" என்றாள் என் மனைவி கல்யாணி.

6.

நாலு இருபதுக்குப் போன்.

"அங்கிள், முடிவு வந்திட்டுதோ?"

மூன்றையும் வாசித்தேன்.

"எதை அச்சுக்குக் குடுக்கப் போறீங்கள்?"

"எதுக்கும்மா கேக்கற?"

"ஒரு கிழமையா நித்திரை இல்லை. என்னால ஏலாது அங்கிள். நீங்கள் எழுதுறதையே செய்வம் எண்டிருக்கிறன்."

என் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். ஐம்பது அறுபது பேரைக் கொன்றிருக்கிறேன். ரயிலில், லிப்டில், கல்யாண மண்டபத்தில். ஒருவர்கூட எனக்குப் போன் போட்டு, அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்டதில்லை.

"நான் எழுத மாட்டேன்மா."

"பயமோ?"

"ஆமா."

"எனக்கும்தான்" என்றாள். "அப்ப வைக்கிறன்."

7.

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நாலு நாற்பத்தைந்துக்குக் கூப்பிட்டேன். எங்கேஜ்டு. நாலு ஐம்பதுக்கு, எங்கேஜ்டு. ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதும் அதே.

யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். மேலதிகாரியிடமா, காணி ஏஜென்டிடமா? இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் ரம்பம் ஓடியிருக்கும், அல்லது ஓடியிருக்காது. அதை நான் விசாரித்துச் சொல்லப் போவதில்லை. இன்றைக்கு, இந்த நிமிஷத்தில், எனக்குக் கீழே உள்ள வரி வரைக்கும்தான் தெரியும். அதற்குமேல் நீங்கள் எழுதுங்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து எழுதுங்கள்.

அவள் கூப்பிட்ட மறுமுனையில் போனை எடுத்தார்கள். சிவனேஸ்வரி சொன்னாள்: "