இதோ, அஞ்சே நிமிஷம்

விமான நிலையச் சோதனை வாசலில் அந்த இயந்திரம் என்னைப் பார்த்து மூன்று முறை கத்தியதற்கு என்னைத் தவிர யாரையும் குறை சொல்ல முடியாது. முதல் முறை கத்தியதும் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். இடது கையால் மட்டும் நான் அதைக் கழற்றி முடிப்பதற்குள் பின்னால் வரிசை கழிப்பறை வாசல் வரை நீண்டுவிட்டது. இரண்டாவது முறை செருப்பு. மூன்றாவது முறை கத்தியதும், காவலர் என் வலது கையைத் தாங்கிக்கொண்டிருந்த ஸ்லிங்குக்குள் விரலை விட்டார். உடனே வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

குண்டூசி. மொத்தம் பதினொன்று.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்லிங்கின் வெட்டு எனக்குப் பிடிக்கவில்லை. முழங்கைப் பக்கம் தொளதொளவென்று சுருக்கம் விழுந்தது. சட்டைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் அதை மாட்டிக்கொண்டு ஊருக்குப் போவதா? முந்தின நாள் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, பல்லாலும் இடது கையாலும் மடித்து ஊசி குத்தி அளவைக் கச்சிதமாக்கினேன். பிறகு தைக்கலாம் என்று விட்டுவைத்தேன். மறந்துபோனேன்.

காவலர் ஸ்லிங்கைக் கழற்றிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் ஊசி இறங்கி, ரத்தம் பொட்டு வைத்தது போல் உறைந்திருந்தது.

"வலிக்கலையா சார்?" என்றார்.

வலித்திருந்தால் நான் ஏன் அங்கே சிரித்துக்கொண்டு நிற்கப்போகிறேன்? நல்ல கம்பெனி ஊசி, வலிக்காமல் குத்தும் என்று சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மச்சினன்தான் பதில் சொன்னான். கொஞ்சம் மரத்துப்போயிருக்கிறதாம், போகப்போகச் சரியாகிவிடுமாம்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

மச்சினன் என் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் லிஃப்ட் நின்றுபோனால் கதவில் காதை வைத்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் பேசுவது அவன்தான். "இதோ, அஞ்சே நிமிஷம்" என்பான். கயிறே அறுந்து தொங்கினாலும் அவன் கணக்கில் அஞ்சு நிமிஷம்தான். ஒரு தடவை நானே உள்ளே மாட்டியிருக்கிறேன். ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன், கடைசிவரை நிம்மதியாக நின்றேன். அப்படி ஒரு குரல். வெண்ணெய் தடவிய குரல்.

கை போன கதை இன்னும் கேவலம். நாலு மாதத்துக்கு முன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போனவன் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். தோள்பட்டைத் துண்டின் கட்டம் முதுகுக் கட்டத்தோடு சேரவில்லை. அரை விரல் தள்ளி நின்றது. எந்தக் கம்பெனி இப்படி வெட்டுகிறது என்று எட்டிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சாலை நடுவில் இருந்த திட்டில் ஏறினேன். தலைக்கு ஒன்றுமில்லை, அதில் இருந்தால்தானே. தோளில் நரம்பு அறுந்தது. அன்றிலிருந்து வலது கை என்னோடு வருகிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த விருந்தாளியை மாதிரி ஒரு வேலையும் செய்வதில்லை.

உள்ளூர் டாக்டர்கள் பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். மனைவி எல்லாம் சரியாகும் என்றாள். பெரிய டாக்டரையே பார்த்துவிடலாம் என்று இந்த நகரத்துக்குப் பறந்து வந்தோம். அவர் என் கையைத் தட்டினார், கிள்ளினார், படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நரம்பு விஷயம், அவசரப்படக் கூடாது என்றார். நான் வெளியே வந்து சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மச்சினனை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். கால் மணி நேரம். வெளியே வந்தவனிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். நல்லா சாப்பிடச் சொன்னாராம்.

எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, அதுவும் விமானம் ஏறிய அன்றைக்கே. அன்று காலையில் முதலாளி போன் செய்திருந்தார். துணி வெட்டும் என் மேஜையில் நாலு மாதமாக ஒரு பெண் நிற்கிறாள். அயர்ன் பிரிவிலிருந்து வந்தவள், நான் கற்றுக்கொடுத்ததைவிட நன்றாக வெட்டுகிறாள். நீங்கள் திரும்பி வருவதானால் மேஜை உங்களுடையது என்றார் முதலாளி. அப்படியானால் அவள் வேறு ஊரில் கிடைத்திருக்கும் வேலைக்குப் போகவேண்டும். மகளைப் பள்ளிக்கூடம் மாற்றவேண்டும். அவளுக்குப் போக இஷ்டமில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு நாளைக்குள் பதில் சொல்லவேண்டும். இறங்கியதும் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

விமானத்தில் பையை மேலே வைக்க மச்சினன் கை நீட்டினான். வேண்டாம் என்று நானே இடது கையால் தூக்கி, பின்வரிசைக்காரர் வழுக்கையில் ஒரு முறை இறக்கி, மறுபடி தூக்கி வைத்தேன். சீட் பெல்ட்டுக்கு இரண்டு கை வேண்டும். பக்கிளை வயிற்றோடு அழுத்திப் பிடித்து பெல்ட்டின் நாக்கைச் செருகினேன். இத்தனை வருஷம் சும்மா இருந்த தொப்பைக்கு அன்றுதான் வேலை கிடைத்தது. தண்ணீர் பாட்டிலை முழங்காலுக்கு நடுவில் இடுக்கித் திறந்தேன். பாதி தண்ணீர் எனக்குக் கிடைத்தது, மீதி பேன்ட்டுக்கு. சர்க்கரைப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்ததில் சர்க்கரை மச்சினன் மடியில் கொட்டியது. அவன் தட்டிவிட்டான். அவன் பார்வை, ஸ்லிங் இல்லாமல் மடியில் கிடந்த என் கையின் அந்த இரண்டு ரத்தப் பொட்டிலேயே இருந்தது.

களைப்பாக இருந்தது. பயணத்தின் களைப்பில்லை. நாலு மாதமாக எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டே திரிந்த களைப்பு.

விமானம் கீழே இறங்கத் தொடங்கியது. வேலை எப்படிப் போகிறது என்று அவனிடம் கேட்டேன். அப்பாடா, பேச்சு வேறு பக்கம் போனதே என்று அவன் முகம் தெளிந்தது. போன வாரம் ஒரு கல்யாண வீட்டார் எட்டுப் பேர் லிஃப்ட்டில் மாட்டிய கதையை விஸ்தாரமாகச் சொன்னான். அவர்களுக்கும் அஞ்சு நிமிஷம்தானா என்றேன். பின்னே, என்றான்.

"எப்பவுமே பொய்தானா மாப்ளே? உள்ள இருக்கறவங்ககிட்ட உண்மையைச் சொன்னதே இல்லையா?"

"சொன்னா மூச்சு முட்டுதும்பாங்க அத்தான்." தன் சீட் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டான். "எப்பவாவது சொல்லுவேன். உள்ளேருந்து அவங்க ஏதாவது செஞ்சாதான் கதவு தொறக்கும்னா, அப்ப மறைக்க முடியாது. இன்னதுதான் நிலைமை, நீங்க இதைப் பண்ணுங்கன்னு சொல்லிடுவேன்."

ஜன்னலில் ஊரின் கூரைகள் பெரிதாகிக்கொண்டு வந்தன.

"எனக்கு உள்ளேருந்து ஒரு வேலை இருக்கு மாப்ளே," என்றேன். "இறங்கினதும் முதலாளிக்குப் போன் பண்ணணும். கை வரும்னா அந்தப் பொண்ணு ஊரை விட்டுப் போகணும். வராதுன்னா அது இங்கயே இருக்கலாம். நீ அஞ்சு நிமிஷம்னு சொல்லிக்கிட்டே இருந்தா, வராத கைக்காக நான் அதைத் துரத்திவிட்ட மாதிரி ஆயிடும். டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னார்?"

அவன் என் மடியில் கிடந்த வலது கையை எடுத்து, அவனுடைய இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். வைத்துக்கொண்டான் என்பது எனக்குப் பார்த்துத்தான் தெரிந்தது. பிறகு பேசினான். குரலில் வெண்ணெய் இல்லை.

"வராது அத்தான். விரல் கொஞ்சம் மடங்கலாம்னாரு. துணி வெட்ட மெஷின் தள்ற கை இனிமே வராது."