அறியப்படாத மூலம்

1

இந்தக் கதை பிறந்தது என் கைப்பேசி விடுத்த ஓர் எச்சரிக்கையில். ஒரு செயலியை நிறுவப் போனேன். ‘அறியப்படாத மூலம். அனுமதிக்கவா?’ என்று கேட்டது. குற்றாலத்தில் மூலத்துக்கு மருந்து விற்கிற கடைப் பலகைகளைப் படித்தே எழுத்துக்கூட்டக் கற்றவன் நான், சிரித்துவிட்டேன். பிறகுதான் மஞ்சு வந்து நின்றாள். அவளுக்கும் மூலம். (நட்சத்திரத்தைச் சொல்கிறேன்.)

2

‘தென்காசியில் சாரல் விழுந்த ஒரு மாலையில் மஞ்சு…’

வேண்டாம். சாரலை விட்டால் இந்த ஊர்க்கதைக்குத் தொடக்கமே இல்லையா?

மஞ்சு குத்துக்கல்வலசைக்காரி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று வந்த வரனெல்லாம் தட்டிப்போனது. அப்பா மாடக்கண்ணு பொறுத்துப் பார்த்துவிட்டு, நட்சத்திரத்தையே மாற்றினார். முன்னால் இருப்பது கேட்டை, பின்னால் பூராடம். இரண்டுக்கும் பெயர் கெட்டிருந்ததால் உத்திராடத்துக்குத் தாவினார். ஓய்வுபெற்ற ஏட்டு அவர்.

அந்த உத்திராடத்தை நம்பி வந்தவன் இலஞ்சிக்காரன் குற்றாலீஸ்வரன். ராணுவத்தில் இருக்கிறான். மஞ்சுவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. சிக்கலே அதுதான்.

3

நிச்சயத்துக்குச் சில நாள் இருக்கையில் அவனிடமிருந்து ஒரு சேதி:

“மூலம் தெரியாததை உள்ள விடக்கூடாதுன்னு அம்மாட்ட சொல்லிட்டேன்.”

தன் நட்சத்திரம் தெரிந்துபோய்விட்டது என்றே மஞ்சு நினைத்தாள்.

(ஆர்மிக்காரன் இப்படித் தமிழில் எழுதுவானா? எனக்கும் சந்தேகம்தான். அவன் கைப்பேசியும் என்னுடையதைப் போலத் தமிழில் பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்த சேதி வந்தது. “அம்மா போன்ல யாரோ வாட்ஸப்ல அனுப்புன ஜாதக ஆப்பு. நட்சத்திரம் பாக்கதுக்கு அது எதுக்கு நம்ம மெசேஜைப் படிக்கணும்? தூக்கிட்டேன். திறந்த மூல ஆப்புக்குன்னே இருக்க தளத்துல தேடி வேற போட்டுருக்கேன். போட்டதும், அதுக்காகக் குடுத்த அனுமதியத் திரும்ப மூடியாச்சு.”

மஞ்சுவுக்கு மூச்சு வந்தது. “திறந்த மூலமா?”

“ஆமா. உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்கலாம், மறைக்க முடியாது. நீ பொறந்த தேதியும் நேரமும் சொல்லு, போட்டுப் பாப்போம்.”

வந்த மூச்சு போனது.

4

“உத்திராடம் வர்ற மாதிரி தேதிய ரெண்டு நாள் தள்ளிச் சொல்லுட்டி,” என்றார் மாடக்கண்ணு.

“பொய் சொன்னவங்களப் பிடிச்சு உள்ள வச்சவருதானப்பா நீங்க?”

“அன்னைக்கெல்லாம் நீ பொறக்கலட்டி.”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முடிவு, முதல் வரைவு: அவள் பொய்த் தேதியை அனுப்புகிறாள். கல்யாணம் நடக்கிறது. மாமனார் தும்மும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு…

இரண்டாம் வரைவு: அவன் பெருந்தன்மையாகச் சிரித்து, ‘நட்சத்திரமாவது ஒண்ணாவது’ என்று… (எழுதும்போது நானே நம்பவில்லை.)

5

மஞ்சு என்னிடம் யோசனை கேட்கவில்லை. உண்மையான தேதியை அனுப்பினாள். கூடவே, “எனக்கு மூலம்தான். அப்பா மாத்திச் சொல்லிட்டாவ. போட்டுப் பாருங்க.”

நீலக் குறிகள் விழுந்தன. அவன் எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதினான். மாடக்கண்ணு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இனி உங்கள் பாடு. இதுவும் திறந்த மூலக் கதைதான். அடித்தது, திருத்தியது எல்லாம் கண்முன்னே கிடக்கிறது. அவன் பதிலை நீங்கள் எழுதலாம். பிடிக்காவிட்டால் வேறு மாப்பிள்ளைகூடப் பார்க்கலாம். இந்த வகைச் செயலிகள் சிலவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு, மஞ்சுவுக்காக அதை இங்கேயும் வைக்கிறேன்: எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், மூலத்தை மட்டும் மறைக்கக் கூடாது.