கோளாறைக் கண்டவர்

ஆவடியைத் தாண்டிய பொட்டலில் இருந்த விமானப் பயிற்சிக் கிளப்பில் ஞானசௌந்தரிக்கு டைப்பிஸ்ட் வேலை. மாணவர்களுக்கான பாடக் குறிப்புகளைப் பிரதி எடுக்க ஆறு வருஷமாக அவள்தான் ஸ்டென்சில் தாளில் அடித்தாள். இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடுகிறது, மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் விமானம் ஏன் தொப்பென்று விழப் பார்க்கிறது, அப்போது விமானி கையிலிருக்கும் ஸ்டிக்கை இழுக்காமல் ஏன் முன்னால் தள்ள வேண்டும், எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மாணவர்களுக்கோ அந்தத் தாள் வடை எண்ணெய் துடைக்கத்தான் ஆயிற்று.

அவர்களிலும் வடிகட்டின முட்டாள் ராஜசேகரன் என்பது அவள் தீர்ப்பு. அப்பாவுக்குப் பூந்தமல்லியில் இரண்டு அரிசி மில். விமானத்தை மேலே நிறுத்துவது இஞ்சின்தான், இறக்கை வெறும் பேலன்ஸுக்கு என்று ஒருநாள் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தபடி அவளுக்கே விளக்கினான். அப்படியானால் இஞ்சினே இல்லாத கிளைடர் யார் தயவில் பறக்கிறதாம்? கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அந்த 1968-ஆம் வருஷம் ஒருவருக்கு மட்டும் இலவசப் பயிற்சி தருவதாகக் கிளப் அறிவித்திருந்தது. ஞானசௌந்தரி விண்ணப்பம் போட்டாள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இடம் யாருக்கென்று முடிவு செய்து கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமைப் பயிற்சியாளர் ஜானகிராமன், கெடு சனிக்கிழமை. மூன்று முறை போய் நின்றாள். "பாக்கலாம்மா, மொதல்ல அந்தக் கடுதாசிங்கள முடி" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ராஜசேகரன் தனியாகப் பறக்க வேண்டிய முறை. முந்தின நாள்தான் அந்த விமானத்தில், ஸ்டிக்கை இறக்கைப் பலகைகளோடு இணைக்கும் கேபிளை மாற்றியிருந்தார்கள். வேலையைச் சரிபார்த்ததாக ஜானகிராமன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கையெழுத்துப் போட்டதை அவள் பார்த்திருந்தாள். ரிஜிஸ்டரில் ராஜசேகரன் கையெழுத்துக்காக அவள் விமானத்தருகே போனபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஸ்டிக்கை இடமும் வலமும் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, பஸ் கண்டக்டர் ரைட் சொல்வதுபோல, "ஃப்ரீ அண்ட் கரெக்ட்" என்று கத்தினான். பலகைகள் சரியாக அசைகின்றன என்று அதற்கு அர்த்தம்; அவனோ இறக்கைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள். ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் இடது இறக்கையின் ஓரப் பலகை மேலே வர வேண்டும். அது கீழே போயிற்று. கேபிளை இடம் வலம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். மேலே போய் இவன் இடப்பக்கம் சாய்க்க நினைத்தால் விமானம் வலப்பக்கம் சாயும். பதறிப்போய் இன்னும் தள்ளுவான், இன்னும் சாயும்.

போகட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கே உடம்பு கூசியது. விமானம் நகரத் தொடங்க, ரிஜிஸ்டரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே ஓடிப்போய் நின்றாள். அவன் இஞ்சினை அணைத்தான்.

"இன்னாம்மா, சாவறதுக்கு என் பிளேன்தான் கெடச்சுதா?"

"ஸ்டிக்க லெஃப்டுல தள்ளிட்டு எறக்கைய பாருங்க சார்."

தள்ளினான், பார்த்தான். "ஆடுதே. நல்லாத்தான கீது?"

இந்த ஜென்மத்துக்காகவா ஓடினோம் என்று அவளுக்கு வெறுத்துப் போயிற்று. டீ கிளாஸோடு வந்த ஜானகிராமனுக்குப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது. முகம் வெளிறிவிட்டது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அவளை அறைக்கு அழைத்துப் போனார்.

"மேல ரிப்போர்ட் அனுப்பணும். கோளாறைக் கண்டவர்னு ஒரு எடம் கீது பாரு, அதுல ராஜசேகரன் பேரப் போடு."

"நான்தான சார் பாத்தேன்?"

"டைப்பிஸ்ட் பாத்தான்னா, பைலட் இன்னா பண்ணான், இன்ஸ்ட்ரக்டர் இன்னா பண்ணான்னு கேப்பாங்க. பைலட்டே பாத்தான்னா செக்கிங் ஒழுங்கா நடக்குதுன்னு ஆயிடும்." மேஜை இழுப்பறையிலிருந்து அவளுடைய விண்ணப்பத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "நீ அத அடிச்சு எடுத்துனு வா. நான் இத போட்டுக் குடுத்துர்றேன்."

எவ்வளவு மலிவான மனிதர் என்று நினைத்தாள். உண்மையை அடித்துக்கொண்டு வந்தால் விண்ணப்பம் நேரே குப்பைக் கூடைக்குப் போகும் என்பதும் தெரிந்தது. இயந்திரத்தில் தாளைச் செருகினாள். ராஜசேகரனின் பெயரை இனிஷியலோடு, ஒரு பிழை இல்லாமல் அடித்தாள். அடித்து முடித்தபோது ஜானகிராமனைவிடத் தான் ஒன்றும் பெரிய விலை இல்லை என்று பட்டது. ஆனாலும் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு தாளிலும் கையெழுத்து விழுந்தது.

அடுத்த மாதம் அவள் மாணவியாக முதன்முதலாக விமானத்தில் ஏறி உட்கார்ந்தாள். புதியவர்களுக்குப் பறப்பதற்கு முந்தைய சோதனைகளைச் சொல்லிக்கொடுப்பது மூத்த மாணவர் வேலை. மேலிடத்துப் பாராட்டுக் கடிதம் வந்த கையோடு அந்தப் பொறுப்பு ராஜசேகரனுக்குத் தரப்பட்டிருந்தது. கதவோரம் நின்று பொறுமையாகவே சொன்னான்.

"லெஃப்டுல தள்ளு. இப்ப எறக்கைய பாரு, பலகை மேல வரணும். சும்மா ஃப்ரீன்னு கத்தக் கூடாது. அன்னிக்கி நான் மட்டும் திரும்பிப் பாக்காம இருந்தா இன்னா ஆயிருக்கும், சொல்லு?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கள்ளம் துளியும் இல்லை. ஒரு மாதத்தில் அதை அவன் மனதார நம்பிவிட்டிருந்தான்.

"இன்னா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றாள் ஞானசௌந்தரி.